சுவர்க் கிறுக்கலைப் படித்த மேதை

வீட்டுச் சுவரில் குழந்தை கரியால் கிறுக்கினால் அம்மா என்ன செய்வாள்? காதைப் பிடித்துத் திருகுவாள். மலைக்கோட்டைச் சுவரிலும் கோவில் தூணிலும் தங்கள் பெயரைக் கீறி வைக்கிறவர்களைக் கண்டால் நமக்கே கோபம் வருகிறது.

ஆனால், சுவரில் யாரோ கீறிவிட்டுப் போனதைப் படிப்பதற்காகவே பல வருஷங்களைச் செலவிட்டார் ஒரு பெரிய மனிதர். படித்ததோடு விடவில்லை. அவற்றை இரண்டு பெரிய புத்தகங்களாகவும் போட்டார். அந்தப் புத்தகங்கள் வந்த பிறகு, ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று!

அவர் பெயர் செனரத் பரணவிதான. இலங்கைக்காரர். சிங்களவர். நம் ஊட்டியில் வந்து பாடம் படித்தவர்.

சுவர்க் கிறுக்கலில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இத்தாலியில் பாம்பேயி என்று ஒரு பட்டணம் இருந்தது. கி.பி. 79-ம் வருஷம் எரிமலைச் சாம்பலில் அது அப்படியே புதைந்து போயிற்று. பின்னாளில் தோண்டிப் பார்த்தபோது, சுவர் முழுவதும் எழுத்து! தேர்தலில் இன்னாரை ஆதரியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். காதலை எழுதியிருந்தார்கள். வசவும் எழுதியிருந்தார்கள். ஜெர்மன் பண்டிதர்கள் அவற்றை எல்லாம் திரட்டி 1871-ம் வருஷம் பெரிய தொகுப்பாக வெளியிட்டார்கள். ராஜாக்கள் கல்லில் வெட்டுவது தங்கள் பெருமையை. சாதாரண ஜனங்கள் என்ன நினைத்தார்கள், எப்படிப் பேசினார்கள் என்பதைச் சுவர்தான் சொல்லும். பண்டிதர்கள் அன்று கண்டுகொண்ட விஷயம் இதுதான்.

இலங்கையிலும் அப்படி ஒரு சுவர் இருந்தது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

காலியில் பிறந்தவர்

இலங்கையின் தெற்குக் கரையில் உள்ள துறைமுகப் பட்டணம் காலி. அதன் பக்கத்தில் உள்ள மெத்தாரம்ப என்ற கிராமத்தில் 1896-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி பரணவிதான பிறந்தார்.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பு. பிறகு புத்த பிக்குகளிடம் பாலியும் சமஸ்கிருதமும் கற்றார். சிறிது காலம் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தார். அந்த வேலையிலேயே இருந்திருந்தால், கிராமத்தில் நாலு பேர் மதிக்கும் வாத்தியாராக ஓய்வு பெற்றிருப்பார்.

1923-ம் வருஷம் இலங்கைத் தொல்பொருள் இலாகாவில் சேர்ந்தார். அப்போது அந்த இலாகாவின் தலைமைப் பதவியில் வெள்ளைக்காரர்களே இருந்து வந்தார்கள். காடு மூடிக் கிடந்த அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் வெட்டித் துப்புரவாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் கல்வெட்டு. படிக்கத் தெரிந்தவர்களோ விரல் விட்டு எண்ணத் தக்கவர்கள்.

படிக்கக் கற்றுக்கொண்டு வா என்று பரணவிதானவை இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

ஊட்டியில் பாடம்

அந்தக் காலத்தில் இந்திய சர்க்காரின் கல்வெட்டு அலுவலகம் உதகமண்டலத்தில் இருந்தது. தென்னாட்டுக் கோவில்களில் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கல்வெட்டுப் படிகள் அங்கே குவிந்து கிடந்தன. கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் அடித்து, மை தடவி எடுப்பது படி. எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் விழும்.

குளிரிலும் பனியிலும் உட்கார்ந்து பரணவிதான அந்த வித்தையைக் கற்றார். பிராமி எழுத்து எப்படி இருக்கும், பல்லவ கிரந்தம் எப்படி இருக்கும், ஒவ்வொரு நூற்றாண்டிலும் எழுத்தின் தலையும் வாலும் எப்படி மாறின என்பதெல்லாம் அவருக்கு அத்துபடியாயிற்று. எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே அது இன்ன காலத்தது என்று சொல்லிவிடலாம். தாத்தாவின் கையெழுத்தும் பேரனின் கையெழுத்தும் வேறுபடுவது போலத்தான் இதுவும்.

ஊர் திரும்பியதும் கல்வெட்டு உத்தியோகம் கிடைத்தது. சிங்களக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளையும் அவர் படித்து வெளியிட்டார்.

அதில் ஒன்று வேடிக்கையானது. அவருடைய சொந்த ஊர்ப்பக்கமான காலியில் 1911-ம் வருஷம் ஒரு கல் அகப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. 1409-ம் வருஷம், சீனச் சக்கரவர்த்தியின் பெயரால், கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் கொண்டுவந்த கல் அது. சீன எழுத்து புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீக எழுத்து அல்லாவைப் புகழ்கிறது. தமிழ் எழுத்து தெவுந்துறைக் கோவில் நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. ஒரே கல்லில் மூன்று சாமி! அந்தக் கல்லின் தமிழ்ப் பகுதியைப் படித்து அச்சில் கொண்டு வந்தவர் பரணவிதானதான்.

1936-ம் வருஷம் ஹாலந்து தேசத்து லைடன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1940-ல் தொல்பொருள் கமிஷனர் ஆனார். அந்தப் பதவியில் நிலையாக அமர்ந்த முதல் இலங்கையர் அவரே. 1956 வரை 16 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

இந்தப் பதவியும் பட்டமும் பலருக்குக் கிடைக்கும். பரணவிதானவின் பெயர் நிலைத்தது ஒரு சுவரால்.

தந்தையைக் கொன்றவன்

அந்தச் சுவர் இருக்கும் இடம் சிகிரியா. அதைத் தெரிந்துகொள்ள ஒரு ராஜா கதையைக் கேட்க வேண்டும்.

5-ம் நூற்றாண்டில் தாதுசேனன் என்ற ராஜா அனுராதபுரத்தில் இருந்து ஆண்டான். பெரிய பெரிய ஏரிகளை வெட்டியவன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் காசியப்பன். இளையவன் மொகல்லானன். இளையவன்தான் பட்டத்து ராணியின் மகன்.

ராஜ்யம் தம்பிக்குப் போய்விடும் என்று காசியப்பன் பயந்தான். படைத்தலைவன் ஒருவன் தூபம் போட்டான். காசியப்பன் தந்தையைப் பிடித்துச் சிறை வைத்தான். பிறகு கொன்றுவிட்டான். உயிரோடு சுவரில் வைத்துப் பூசிவிட்டார்கள் என்று பழைய சரித்திரம் சொல்கிறது. தம்பி இந்தியாவுக்குத் தப்பி ஓடினான்.

தந்தையைக் கொன்றவனுக்குத் தூக்கம் வருமா? தலைநகரை விட்டுவிட்டு, காட்டின் நடுவே தனியாக நின்ற ஒரு பெரும் பாறையைத் தேடிப் போனான். சுமார் 600 அடி உயரம். நாலு பக்கமும் செங்குத்து. அதன் உச்சியில் அரண்மனை கட்டினான். கீழே நந்தவனமும் நீரூற்றும் வைத்தான். ஏறும் வழியில் மாபெரும் சிங்கத்தின் உருவத்தை எழுப்பி, அதன் வழியாகப் படி வைத்தான். சிங்ககிரி என்ற பெயரே சிகிரியா ஆயிற்று.

பாறையின் நடு உயரத்தில் பெண்களின் ஓவியங்களை எழுதச் செய்தான். பொன்னிற மேனி. கையில் பூ. இடுப்புக்குக் கீழே மேகம் மறைக்கிறது. நம் அஜந்தாவைப் பார்த்தவர்களுக்கு அதன் நினைவு வரும். இப்போது மிஞ்சியிருப்பவை சுமார் 20 உருவங்கள். ஒரு காலத்தில் பாறையின் அந்தப் பக்கம் முழுவதுமே ஓவியமாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

ஓவியங்களுக்குக் கீழே பாறையை ஒட்டி ஒரு நடைபாதை. ஏறிப் போகிறவர்கள் விழுந்துவிடாமல் இருக்க, அதன் வெளிப்புறத்தில் ஓர் ஆளைவிட உயரமான சுவர். செங்கல் சுவரின் மேல் சுண்ணாம்பு பூசி, முகம் தெரியும்படி மெருகேற்றியிருந்தார்கள். அதனால் கண்ணாடிச் சுவர் என்றே அதற்குப் பெயர்.

இத்தனை செய்தும் காசியப்பன் 18 வருஷம்தான் ஆண்டான். 495-ம் வருஷம் தம்பி படையோடு வந்தான். காசியப்பன் கீழே இறங்கிச் சண்டைக்குப் போனான். வழியில் சேறு. அவன் யானை விலகித் திரும்பியது. ராஜா பின்வாங்குகிறார் என்று நினைத்துப் படை ஓடிவிட்டது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு மாண்டான்.

தம்பி அந்தப் பாறையைப் பிக்குகளுக்குக் கொடுத்துவிட்டு, அனுராதபுரத்துக்கே திரும்பினான்.

வந்தார்கள், எழுதினார்கள்

ராஜா போய்விட்டான். ஆனால் ஓவியப் பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நூறு வருஷம், இருநூறு வருஷம், ஐந்நூறு வருஷம்!

காட்டு வழி நடந்து, பாறை ஏறி, மூச்சு வாங்க நின்று அண்ணாந்து பார்த்தால், பொன்னிறப் பெண்கள் சிரிக்கிறார்கள். எதிரே பளபளவென்று சுவர். ஓலையில் எழுதிப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? எழுத்தாணி போன்ற கூர்மையான முனையால் ஆளுக்கொரு பாட்டைச் சுவரில் கீறிவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தவர்கள் நல்ல இடம் பார்த்து எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் இடைவெளியில் எழுதினார்கள். இடைவெளி தீர்ந்ததும் எழுத்தின் மேலேயே எழுதினார்கள். அதற்கும் பிறகு, நம் காலத்துச் சுற்றுலாக்காரர்கள் வந்து தங்கள் பெயரைப் பெரிது பெரிதாகக் கீறி, அடியில் இருந்ததைக் கெடுத்தார்கள்.

1894-ம் வருஷம் முதல் தொல்பொருள் கமிஷனர் பெல் என்ற வெள்ளைக்காரர் சிகிரியாவில் வேலை தொடங்கினார். காட்டை வெட்டி, படிகளைச் சரிசெய்து, இடிந்ததைத் தூக்கிக் கட்டினார். சுவரில் எழுத்து இருப்பது அவர் காலத்திலேயே தெரியும். ஆனால் முழுவதையும் படிக்க யாரும் துணியவில்லை.

எப்படிப் படித்தார்?

கல்வெட்டைப் படிப்பது ஒரு விதம். இது வேறு விதம்.

கல்வெட்டில் எழுத்து ஆழமாக வெட்டியிருக்கும். படி எடுக்கலாம். இதுவோ மயிரிழை போன்ற கீறல். காகிதம் ஒட்டி மை தடவினால் மை எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் விழும். கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொள்வதைத் தவிர வழி இல்லை.

கண்ணால் பார்ப்பதும் லேசல்ல. நேர் வெளிச்சத்தில் இப்படிப்பட்ட கீறல் மறைந்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் கீறலின் ஓரத்தில் நிழல் தட்டும். அதிலும் எது எழுத்து, எது வெடிப்பு, எது பின்னால் வந்தவன் இழுத்த கோடு என்று பிரித்தாக வேண்டும். ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஓடும்போது, இந்த எழுத்து எந்த வரியைச் சேர்ந்தது என்று முடிச்சு அவிழ்க்க வேண்டும்.

எழுத்தைப் பிரித்துவிட்டால் மட்டும் போதுமா? பாட்டு எழுதியிருப்பது பழைய சிங்களத்தில். அந்தச் சொற்களில் பலவற்றுக்கு எந்த அகராதியிலும் பொருள் இல்லை. பக்கத்துப் பாட்டில் அதே சொல் எப்படி வருகிறது, பாலியிலும் சமஸ்கிருதத்திலும் அதன் வேர் என்ன என்று ஆராய்ந்து பார்த்துத்தான் பொருள் சொல்ல முடியும். அகராதியைப் பார்த்துப் பாட்டைப் படிப்போம் நாம். பரணவிதான பாட்டைப் பார்த்து அகராதி உண்டாக்கினார்!

கமிஷனர் உத்தியோகம் என்றால் நாற்காலி உத்தியோகம் அல்ல. அனுராதபுரத்தில் ஒரு தூபி, பொலன்னறுவையில் ஒரு விகாரம், மிகிந்தலையில் ஒரு அகழாய்வு என்று நாடு முழுவதும் வேலை. கோப்புகள் வேறு. இதன் நடுவேதான் சுவர் வேலை நடந்தது. 1939-ம் வருஷம் சில பாடல்களைப் பற்றி முதலில் கட்டுரை வெளியிட்டார். முழு நூல் வெளிவந்தது 1956-ல். இடையில் 17 வருஷம்!

நூலின் பெயர் சிகிரி கிராஃபிட்டி. ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார்கள். அதில் 685 பாடல்கள். 8, 9, 10-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பாட்டு, பொருள், எழுத்தின் வரலாறு, இலக்கணம் எல்லாம் உண்டு.

இதற்கு முன் சிங்கள மொழியில் அந்தக் காலத்துப் பாட்டு என்று காட்ட அநேகமாக ஒன்றும் இல்லை. இன்று கிடைக்கும் மிகப் பழைய சிங்கள நூல்களே 9, 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவைதான். அவையும் இலக்கணம், உரை என்று பண்டிதர்களுக்கான நூல்கள். சாதாரண ஜனங்கள் 1,200 வருஷத்துக்கு முன்னால் தங்கள் வாயால் பாடிய பாட்டு, ஏட்டில் இல்லை. ஒரு சுவரில் இருந்தது.

சுவரில் என்ன இருந்தது?

பாட்டுகளைப் பார்த்தால் சிரிப்பும் வரும், நெஞ்சும் உருகும்.

பெரும்பாலானவர்கள் ஓவியப் பெண்களின் அழகில் மயங்கிப் போனவர்கள். இத்தனை தூரம் வந்தோமே, ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று குறைப்படுகிறார்கள். கல்லில் இருப்பதால் மனமும் கல்லாகிவிட்டதோ என்று கோபித்துக்கொள்கிறார்கள். இறந்துபோன ராஜாவை நினைத்து இவர்கள் துயரத்தில் நிற்கிறார்கள் என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டு.

எழுதியவர்களில் அரச குடும்பத்தார் இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள். துறவிகளான பிக்குகளும் இருந்தார்கள்! பலர் தங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதினார்கள்.

பெண்களும் எழுதினார்கள். நாம் நின்று கவனிக்க வேண்டிய விஷயம் இது. 1,200 வருஷத்துக்கு முன்னால் பெண்கள் பாறை ஏறி வந்து, எழுத்தாணி பிடித்து, யாப்பு தவறாமல் பாட்டு எழுதினார்கள் என்றால், அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

தேவா என்ற ஒரு குடும்பப் பெண் வந்தாள். கையில் முத்து மாலையோடு நிற்கும் ஓவியப் பெண்ணைப் பார்த்தாள். அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இவள் நம்மோடு போட்டிக்கு நிற்கிறாள் என்ற பாவனையில் பாடிவிட்டுப் போனாள். ஆண்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்த பெண்ணுக்கு வேறு என்ன தோன்றும்?

புதல் என்று ஒருவர். நூற்றுக்கணக்கானவர்களோடு கூட்டமாக வந்தவர். மற்றவர்கள் எல்லாரும் பாட்டு எழுதிவிட்டபடியால் தாம் எழுதவில்லை என்று அவர் தெரிவிக்கிறார். எங்கே தெரிவிக்கிறார்? அதே சுவரில், எழுதி!

ராஜாவின் கல்வெட்டில் இந்த மாதிரி ஆளைப் பார்க்க முடியாது. பரணவிதான இல்லாவிட்டால் புதலையும் தேவாவையும் நமக்குத் தெரிந்திருக்காது.

இன்று எழுதினால் சிறை

அந்தச் சுவரில் இப்போது எழுதினால் சட்டப்படி குற்றம். 2015-ம் வருஷம் சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் தெரியாத்தனமாகத் தன் பெயரைக் கீறிவிட்டாள். கோர்ட்டில் இரண்டு வருஷச் சிறை விதித்தார்கள். பரிதாபப்பட்டுப் பலர் குரல் கொடுத்தார்கள். ஜனாதிபதி மன்னிப்பு வழங்கிய பிறகே அவள் வீடு திரும்பினாள்.

புதல் செய்ததைத்தானே இந்தப் பெண்ணும் செய்தாள் என்று தோன்றலாம். ஆனால் புதல் எழுதியபோது அது வெறும் சுவர். இப்போது அது புத்தகம். புத்தகத்தின் மேல் கிறுக்கினால் அடியில் உள்ளது போய்விடுகிறது. இரண்டு வருஷம் அதிகம் என்பதே நம் எண்ணம். சுவரைக் காக்க வேண்டும் என்பதிலோ இரண்டு கருத்துக்கு இடமில்லை.

பரணவிதான உயிரோடு இருந்தபோதே இதைவிடக் கொடிய காரியம் ஒன்று நடந்தது. 1967-ம் வருஷம் அக்டோபர் மாதம் யாரோ இரவில் ஏறி, ஓவியப் பெண்களின் மேல் பச்சைச் சாயத்தை வாரி இறைத்துவிட்டார்கள். நாடே அதிர்ந்து போயிற்று. இத்தாலியில் இருந்து மரான்சி என்ற நிபுணர் வந்து சாயத்தை நீக்கினார்.

யாருக்கும் தெரியாத எழுத்து

அந்த 1967-ம் வருஷம் பரணவிதானவுக்கு இன்னொரு விதத்திலும் கெட்ட வருஷம். இதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய வாழ்க்கை முழுமை ஆகாது. மறைப்பது மரியாதையும் அல்ல.

1956-ல் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேராதனை சர்வகலாசாலையில் ஆராய்ச்சிப் பேராசிரியராக இருந்தார். அப்போது அவர் ஒரு புதிய விஷயத்தைச் சொன்னார். பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கு நடுவே, மிக நுணுக்கமான இன்னொரு எழுத்து இருக்கிறது என்றார். 15-ம் நூற்றாண்டில் யாரோ, அழிந்துபோன சரித்திர நூல்களில் இருந்து எடுத்து, சமஸ்கிருதத்தில் அங்கே பொறித்து வைத்திருக்கிறார்கள் என்றார்.

அந்த எழுத்துகளை ஆதாரமாக வைத்து அவர் புத்தகங்கள் எழுதினார். இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் இருந்த உறவு பற்றி 1966-ல் ஒன்று. கிரேக்கர்களும் மௌரியர்களும் பற்றி 1971-ல் ஒன்று. எந்தச் சரித்திரத்திலும் இல்லாத ராஜாக்களும் தூதர்களும் அவற்றில் வந்தார்கள்.

மற்றவர்கள் போய் அந்தக் கற்களைப் பார்த்தார்கள். வரிகளுக்கு நடுவே கல்தான் இருந்தது. எழுத்து தெரியவில்லை.

என்ன செய்வது? சொல்கிறவர் சாமானியர் அல்ல. நாட்டிலேயே கூர்மையான கண் அவருடையது. மற்றவர்கள் வெறும் சுவர் என்று நினைத்த இடத்தில் 685 பாட்டைப் படித்துக் காட்டியவர். அவர் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், குறை யார் கண்ணில்?

பலர் பேசாமல் இருந்தார்கள். அதே பேராதனையில் இருந்த இளம் சரித்திர ஆசிரியர் குணவர்த்தன பேசாமல் இருக்கவில்லை. 1967-ம் வருஷச் சர்வகலாசாலைச் சஞ்சிகையில் நீண்ட கட்டுரை எழுதி, பரணவிதானவின் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்தார். யாழ்ப்பாணத்துச் சரித்திர அறிஞர் இந்திரபாலாவும் அந்தப் புத்தகத்தை விமர்சனம் செய்து எழுதினார். குருவின் சொல்லை மறுத்து எழுதுவது லேசான காரியம் அல்ல. நம் வீடுகளில் பெரியவர் பேச்சை மறுக்க எவ்வளவு தயங்குகிறோம் என்பதை நினைத்தால் இது விளங்கும்.

பரணவிதான தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வரிகளுக்கு நடுவே அவர் கண்ட எழுத்தை இன்று சரித்திர அறிஞர்கள் ஆதாரமாக ஏற்பதில்லை.

ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்திருப்பாரா? அவருடைய வாழ்க்கையைப் படிக்கிறவர்களுக்கு அப்படி எண்ண மனம் வராது. ஐம்பது வருஷம் மங்கிய கீறல்களையே உற்றுப் பார்த்த கண். தேய்ந்த எழுத்தை ஊகத்தால் நிரப்பிப் பழகிய மனம். எங்கே எழுத்து முடிந்தது, எங்கே ஊகம் தொடங்கிற்று என்ற எல்லை அந்த முதுமையில் அவருக்கு அழிந்துபோயிருக்கலாம். இது நம் எண்ணம்தான்.

இதே முதுமையில்தான் அவர் இன்னொரு பெரிய காரியத்தையும் செய்தார். இலங்கைக் குகைகளில் உள்ள பிராமிக் கல்வெட்டுகளை, ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை, ஒன்று திரட்டி 1970-ல் வெளியிட்டார். அந்தத் தொகுதி இல்லாமல் இலங்கையின் பழைய சரித்திரத்தை யாரும் எழுத முடியாது. அவரை மறுத்தவர்களும் அதை எடுத்துத்தான் படிக்கிறார்கள்.

இரண்டு புத்தகங்கள்

1972-ம் வருஷம் சிகிரியின் கதை என்ற பொருள் தரும் பெயரில் ஒரு புத்தகத்தை வெளியிட்டார். காசியப்பனின் கதையை அதில் புதிதாகச் சொன்னார். ஆதாரம், வரிகளுக்கு நடுவே அவர் கண்ட அதே எழுத்து.

அவ்வருஷம் அக்டோபர் 4-ந் தேதி காலமானார். வயது 75.

சிகிரியாவைப் பற்றி அவர் எழுதிய இரண்டு புத்தகங்களும் நூல் நிலையங்களில் இருக்கின்றன. 1972-ம் வருஷப் புத்தகத்தை அவருடைய வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். 1956-ம் வருஷப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் பாறை ஏறுகிறார்கள். பாட்டின் எண்ணைப் பார்த்து, சுவரில் தேடி, அவர் படித்தது சரிதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சில சொற்களைத் திருத்தியும் இருக்கிறார்கள்.

அவர் படிக்காமல் விட்ட கீறல்களும் அந்தச் சுவரில் நிறைய இருந்தன. அவற்றில் மேலும் பல பாடல்களைப் பின்வந்தவர்கள் படித்து வெளியிட்டுள்ளார்கள். பழைய சிங்களத்தை அவர்கள் கற்றுக்கொண்டது பரணவிதான எழுதி வைத்த இலக்கணத்தில் இருந்துதான்.